பவளத் தொட்டியில் முதலில் யாரைக் குடிவைப்பது?

கேள்வி கேட்ட தம்பிக்குப் பினாங்கு ஆயர் ஈத்தாமில் வீடு, பதினோராவது மாடி. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில், கடல் மீனும் பவளமும் வளர்க்கத் தொட்டி வாங்கி, பாறை அடுக்கி, உப்புநீர் நிரப்பி ஐந்து வாரம் ஆகிறதாம். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறதாம். கடையில், "நாலு டாம்சல் மீன் விடு, எதையும் தாங்கும்" என்கிறார்கள். ஆறு வயது மகள், நீல நிற டோரிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். மனைவிக்கு நீமோ, அதாவது கோமாளி மீன் ஆசை. "அக்கா, யார் பேச்சைக் கேட்பது?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, இந்த ஒரு விஷயத்தில் மனைவி பேச்சைக் கேளுங்கள். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகியவர்களுக்கு முதல் மீன் என்பது பெரிய விஷயமே இல்லை. பத்து கப்பி, எட்டு டெட்ரா வாங்கிக் கொட்டினால் கூட்டமாக நீந்திக்கொண்டிருக்கும். பவளப்பாறை மீன் அப்படி இல்லை. கடலில் அதற்கென்று ஒரு பொந்து, பொந்தைச் சுற்றி ஒரு வட்டாரம் இருக்கும். அந்த வட்டாரத்துக்குள் வேறு யாராவது வந்தால் விரட்டும். கடலில் விரட்டப்பட்ட மீன் அடுத்த பாறைக்குப் போய்விடும். மூன்றடிக் கண்ணாடிப் பெட்டியில் அடுத்த பாறை ஏது? முதலில் நுழைகிற மீன் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் அதன் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள்தான், அதுவும் வேண்டாத விருந்தாளிகள். அதனால் 'எந்த மீன் சாகாமல் தாங்கும்' என்று மட்டும் பார்த்து முதல் மீனை எடுக்காதீர்கள். இதற்குப் பிறகு யாரோடு இது ஒத்துப்போகும் என்றும் பாருங்கள்.

டாம்சல் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். பட்டர்வொர்த்தில் முதல் தொட்டி வைத்தபோது எனக்கும் கடைக்காரர் இதே யோசனையைத்தான் சொன்னார். கட்டைவிரல் நகம் அளவில் ஒரு டோமினோ டாம்சல். கரிக்கட்டை மாதிரிக் கறுப்பு, நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெள்ளைப் பொட்டு. பார்க்க அவ்வளவு அழகு. ஏழெட்டு மாதத்தில் மூன்று விரல் அகலத்துக்கு வளர்ந்துவிட்டது. இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்கும் என்பார்கள். இது வீட்டுப் பத்திரத்தையே கேட்டது. ஒரு ஃபயர்ஃபிஷ் மீனை வாங்கி உள்ளே விட்டேன், மறுநாள் காலை வால் கிழிந்து மேல் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றது. அடுத்து ஒரு கார்டினல் மீன், நான்கே நாள். பாசி சுரண்டக் கை விட்டால் என் விரலையும் கொத்தும்.

சரி, பிடித்துக் கடையில் கொடுத்துவிடலாம் என்று வலையை எடுத்தேன். பாறை அடுக்கிய தொட்டியில் மீன் பிடிக்க முயன்றவர்களுக்குத்தான் தெரியும். வலை உள்ளே போவதற்குள் அது பொந்துக்குள் போய்விடும். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீரை எல்லாம் வாளியிலும் பிளாஸ்டிக் பெட்டியிலும் இறக்கி, பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, நான்கு விரல் தண்ணீரில் அது புரள்கிறபோதுதான் பிடிக்க முடிந்தது. மணல் கலங்கி, பவளம் எல்லாம் இரண்டு வாரம் முகம் சுருக்கிக்கொண்டு கிடந்தது. மாமியார் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஒரு விரக்கடை மீனுக்கு வீட்டையே பிரிச்சுப் போட்டுட்டீங்களேம்மா" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

எல்லா டாம்சலும் ஒன்றுபோல இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மஞ்சள் வால் நீல டாம்சல் ஓரளவு சாது. மூன்று பட்டை, டோமினோ, முழு நீல டெவில் ஆகிய மூன்றும்தான் பெரிய ரௌடிகள். கடையில் மலிவாகக் கண்ணில் படுவதும் பெரும்பாலும் அவைதான். பச்சை குரோமிஸும் டாம்சல் குடும்பம்தான். சாது, கூட்டமாக அழகாக இருக்கும் என்று ஆறு வாங்குவார்கள். ஆறு நான்காகும், நான்கு இரண்டாகும், வருடக் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். தங்களுக்குள்ளேயே பலவீனமானதை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடும்.

டாம்சல் விடச் சொல்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அந்தக் காலத்தில் தொட்டியைப் பழக்குவதற்கு உயிருள்ள மீனையே போடுவார்கள். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அதைத் தின்னும் பாக்டீரியா வளரும், அது நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக்கும். இதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை அந்த மீன் தன் கழிவிலேயே வெந்துகொண்டிருக்கும். டாம்சல் கெட்டியானது, பாதியாவது பிழைக்கும் என்பதால் அதைப் போட்டார்கள். இன்றைக்கு அம்மோனியம் குளோரைடு சொட்டு மருந்தாகவே கிடைக்கும்போது மீனை எதற்கு வதைக்க வேண்டும்?

உப்புநீரில் அம்மோனியா ஏன் இவ்வளவு கொடுமை என்றால், அதன் நச்சு வடிவம் தண்ணீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவைப் பொறுத்தது. பிஎச் 7 உள்ள நன்னீர்த் தொட்டியில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சாக இருக்காது. பவளத் தொட்டியின் பிஎச் 8.2 வாக்கில் இருக்க வேண்டும். நம்மூர்ச் சூட்டில் அங்கே நச்சுப் பங்கு பத்து மடங்கு. நன்னீரில் மீன் சமாளித்துவிடுகிற அதே அளவு இங்கே செவுளை எரித்துவிடும். நைட்ரைட் மட்டும் தலைகீழ். உப்புநீரில் உள்ள குளோரைடு அது செவுளுக்குள் நுழையாமல் பெரும்பாலும் தடுத்துவிடும்.

உங்கள் ஐந்து வாரக் கணக்குக்கு வருகிறேன். ஐந்து வாரம் ஓடியது சரி, அந்த ஐந்து வாரமும் பாக்டீரியா தின்ன ஏதாவது போட்டீர்களா? காய்ந்த பாறையை அடுக்கி, சுத்தமான உப்புநீரை ஊற்றி, பம்ப்பை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் ஐந்து மாதமானாலும் தொட்டி பழகாது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருப்பதற்கும் பாக்டீரியா இருப்பதற்கும் சம்பந்தமில்லை. சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. அம்மோனியம் குளோரைடை 2 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்கு வருகிற மாதிரி ஊற்றுங்கள். உங்கள் தொட்டி கணக்குப்படி சுமார் 190 லிட்டர், பாறையும் மணலும் போக 150 லிட்டர் தண்ணீர் இருக்கும், அதற்குத் தகுந்த மாதிரி அளவு. இருபத்து நான்கு மணி நேரம் கழித்து டெஸ்ட் கிட்டில் பாருங்கள். பூஜ்யமானால் தொட்டி தயார். பச்சை தட்டினால், அதாவது அம்மோனியா மிச்சம் இருந்தால், இன்னும் ஒரு வாரம் பொறுத்துத் திரும்பச் சோதியுங்கள். பழகி முடிந்ததும் நைட்ரேட் ஏறியிருந்தால் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் வாங்கப் போகலாம்.

தண்ணீரைப் பற்றி ஒன்றே ஒன்று. பத்து ஃபெரிங்கி கடற்கரைக்குப் போய் டிரம்மில் அள்ளி வருகிறவர்கள் இருக்கிறார்கள். கலங்கிய கரையோர நீர், பக்கத்தில் சாக்கடை வாய். வேண்டாம். ஆர்ஓ தண்ணீரில் உப்பு கலக்குங்கள், 35 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 35 பங்கு, அடர்த்தி மானியில் 1.025 அல்லது 1.026.

அடுத்தது நம்மூருக்கே உரிய தலைவலி, சூடு. பதினோராவது மாடி என்றால் பிற்பகலில் வெயில் சுவரில் அடிக்கும். வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்தால் எல்லோரும் ஹீட்டரைப் பற்றித்தான் பேசுவார்கள். நமக்கு ஹீட்டரைப் பெட்டியிலிருந்து எடுக்கவே வேலை இல்லை. அறைச் சூடு 31, 32 டிகிரி, விளக்கும் பம்ப்பும் சேர்ந்தால் தொட்டி அதற்கும் மேல் போகும். மீன் 28 டிகிரியில் நன்றாகவே இருக்கும், நம்மூர்க் கடலே ஏறக்குறைய அந்தச் சூடுதான். 30-ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால்தான் சிக்கல். 2010-இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்துப்போனபோது பாயார், ரெடாங், தியோமான் தீவுகளில் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றைச் சில மாதம் மூடியே வைத்தார்கள். கடலுக்கே அந்தக் கதி என்றால் 150 லிட்டர் தண்ணீர் எம்மாத்திரம்? சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீனுக்கோ தேவை கூடும்.

தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர் வாங்க முடிந்தால் நல்லது. விலையும் அதிகம், மின்சார பில்லும் ஏறும் என்றால் தண்ணீர்ப் பரப்பில் காற்றடிக்கிற மாதிரி இரண்டு சின்ன ஃபேன் வையுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் ஃபேன் குளிர்விப்பதே தண்ணீரை ஆவியாக்கித்தான். என் தொட்டியில் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் வரை போகும். போவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே நிற்கும். குறைந்த தண்ணீருக்குப் பதில் உப்புநீரை ஊற்றிவிட்டு, 'ஒரு மாதமாக மீன் மூச்சு வாங்குகிறது' என்று என்னைக் கூப்பிட்டவர்கள் இரண்டு பேர். குறைந்ததற்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர்தான், அதுவும் தினமும்.

சரி, மீனுக்கு வருவோம்.

பாப்பா கேட்கிற டோரி, அதாவது நீல டாங். ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடையில் தட்டில் வருகிற டோரி இல்லை, அது வேறு மீன். இந்த நீல டாங் கடையில் ஒரு வெள்ளிக்காசு அளவில்தான் இருக்கும், வளர்ந்தால் ஓர் அடி. நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிற மீன் அது. ஆறடித் தொட்டி இல்லாமல் வளர்க்கக் கூடாது. அதோடு புள்ளி நோய் ஊரில் எங்கே இருந்தாலும் முதலில் இதைத்தான் பிடிக்கும். பாப்பாவிடம், 'டோரிக்கு ஓட நம் வீட்டில் இடம் போதாது' என்று உண்மையையே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்குப் புரியும். என் மகளுக்குப் புரிந்தது, எனக்குத்தான் கொஞ்ச நாள் ஆனது.

மாண்டரின் மீனும் கண்ணைப் பறிக்கும். பச்சையும் ஆரஞ்சும் நீலமும் சுருள் சுருளாக, பட்டுப் புடவைத் தலைப்பு மாதிரி. கையைக் கட்டிக்கொண்டு திரும்பி வாருங்கள். அது பாறையில் ஊர்கிற கோப்பிபாட் என்ற பொடிப் பூச்சிகளை நாள் முழுக்கக் கொத்திக் கொத்தித் தின்கிற மீன். புதுத் தொட்டியில் அந்தப் பூச்சி ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். பிறகு மெல்ல மெல்லப் பட்டினி, வயிறு ஒட்டி, முதுகு கூர்த்து, இரண்டு மாதத்தில் கதை முடிந்துவிடும். மற்ற மீன்களைச் சுத்தம் செய்கிற கிளீனர் ராஸ் மீனும் இதே கணக்கில்தான் சாகிறது. பாசி தின்னும் என்று சொல்லி விற்கிற லான்மோவர் பிளென்னிக்கும் புதுத் தொட்டியில் தின்ன ஒன்றும் இருக்காது. இன்னும் சில வாரத்தில் உங்கள் மணலில் பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சு படியும், பயந்துபோய் அதற்காக மீன் வாங்காதீர்கள். தானாகப் போகும். வேண்டுமானால் நாலைந்து நத்தை விடுங்கள். பாக்டீரியாவுக்கு அடுத்துத் தொட்டிக்குள் போகிற முதல் உயிர் மீனாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

இனி என் சிபாரிசு. பண்ணையில் பொரித்து வளர்த்த ஒசிலாரிஸ் கோமாளி மீன், இரண்டு. நீமோ என்று எல்லோரும் கூப்பிடுவது இதைத்தான். பண்ணை என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கடலில் பிடித்த மீன் பவளப்பாறையை விட்டுப் பை, படகு, மொத்த வியாபாரி, விமானம், கடை என்று ஐந்தாறு கை மாறி வரும், ஒவ்வொரு இடத்திலும் வேறு தண்ணீர், பாதி நாள் பட்டினி. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கம் பாறையிடுக்கில் சயனைடு பீய்ச்சி மயக்கிப் பிடிக்கிற வழக்கமும் உண்டு. அப்படிப் பிடித்த மீன் கடையில் நன்றாக நீந்தும், உங்கள் வீட்டுக்கு வந்து சில வாரத்தில் காரணமே தெரியாமல் சாகும். பண்ணை மீனோ முட்டையிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே வளர்ந்தது. பெலட் என்ற உருண்டைத் தீனி தின்னத் தெரியும், ஆள் நிழல் பட்டால் ஓடாது, பக்கத்தில் வரும். கடலில் பிடித்த கோமாளி மீன்களோடு அடிக்கடி வருகிற புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணியும் பண்ணை மீனில் குறைவு.

இரண்டும் சின்னதாக இருக்கட்டும், ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பெரியது. ஆண், பெண் பார்த்து வாங்கத் தேவையில்லை, பார்க்கவும் முடியாது. சின்னதில் இரண்டுக்கும் ஆண், பெண் என்ற வேறுபாடே கிடையாது. ஒன்றையொன்று சீண்டிப் பார்த்து, பெரியது பெண்ணாகும், சின்னது தலையைத் தாழ்த்தி உடம்பை நடுக்கிக் காட்டும், அது ஆணாக இருந்துகொள்ளும். பெண் செத்துப்போனால் அந்த ஆணே பெண்ணாக மாறிவிடும், திரும்ப ஆணாக முடியாது. வளர்ந்த இரண்டு பெண்ணை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்றுதான் மிஞ்சும். அதனால்தான் சின்னதாக, ஒரே நாளில், இரண்டு. மூன்று வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. நீமோ என்று சொல்லித் தக்காளி கோமாளி, மெரூன் கோமாளி இரண்டையும் தலையில் கட்டிவிடுவார்கள். தக்காளிக்கு முகத்தருகே ஒரே ஒரு வெள்ளைப் பட்டை. மெரூனுக்கு மூன்று மெல்லிய பட்டை, கன்னத்தில் முள். இரண்டும் டோமினோவுக்குச் சித்தப்பா பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது ஆரஞ்சு உடம்பில் மூன்று அகலமான வெள்ளைப் பட்டை, நடுப்பட்டை தலைப்பக்கம் பிதுங்கியிருக்கும். ஒசிலாரிஸும் தன் இடத்தைக் காக்கும்தான், வளர்ந்த பெண் கையைக் கடிக்கவும் செய்யும். ஆனால் அது தனக்கென்று எடுத்துக்கொள்வது ஒரு மூலையை மட்டும். மற்ற இரண்டே முக்கால் அடியையும் பின்னால் வருகிறவர்களுக்கு விட்டுவிடும். முதல் மீனாக நான் இதைச் சொல்வதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

உடனே அனிமோன் என்ற கடற்சாமந்தியை வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். கடற்சாமந்தி இல்லாமலேயே கோமாளி மீன் தொட்டியில் வாழும், முட்டையும் இடும். புதுத் தொட்டியில் கடற்சாமந்தி நிற்காது. நடந்து போய்ப் பம்ப்பில் மாட்டிக் கூழாகி, மொத்தத் தண்ணீரையும் கெடுத்துவிடும். ஒரு வருடம் போகட்டும்.

கோமாளி மீன் எல்லார் வீட்டிலும் இருக்கிறதே, வேறு ஏதாவது வேண்டும் என்றால் பங்காய் கார்டினல். இந்தோனேசியாவில் சுலவேசிக்குப் பக்கத்தில் பங்காய் தீவுகளில் மட்டுமே இயற்கையாக இருக்கிற மீன். தொட்டி வியாபாரத்துக்காகவே பிடித்துப் பிடித்து, 2007-இல் அழியும் நிலையில் உள்ள இனங்களின் சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. ஆண் மீன் முட்டையை வாயில் வாங்கி, குஞ்சு வெளியே வருகிற வரை மூன்று நான்கு வாரம் சாப்பிடாமலே சுமக்கும். தொட்டியிலேயே சுலபமாகப் பெருகுவதால் பண்ணைக் குஞ்சு கிடைக்கும், அதைத்தான் வாங்க வேண்டும். இதுவும் ஜோடி மட்டும். கூட்டமாக விட்டால் ஒரு ஜோடி சேர்ந்து மற்றதை எல்லாம் முடித்துவிடும்.

மூன்றாவது ஃபயர்ஃபிஷ். அல்லது மஞ்சள் வாட்ச்மேன் கோபி, அதோடு ஒரு பிஸ்டல் இறால். இறாலுக்குக் கண் மங்கல். அது குழி தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும், இறால் தன் மீசை நுனியை எப்போதும் மீன் மேல் வைத்துக்கொண்டே வேலை செய்யும். மீன் வாலை ஒரு வெட்டு வெட்டினால் இறால் சட்டென்று உள்ளே. டிவி பார்ப்பதை விட்டுவிட்டு இதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஃபயர்ஃபிஷ், கோபி இரண்டுமே பயந்த சுபாவம், முதலில் விட்டால் தைரியமாக வெளியே வரும். ஆனால் குதிக்கும். தொட்டிக்கு மேலே வலை மூடி போடாமல் ஃபயர்ஃபிஷ் வாங்கவே கூடாது. என்னுடைய ஒன்றை மூன்று நாள் தேடி, கேபினட்டுக்குப் பின்னால் எறும்பு வரிசை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

கடையில் என்ன பார்ப்பது? முதலில் மலாயில், 'பிலா சம்பாய்?' அதாவது எப்போது வந்தது என்று கேளுங்கள். நேற்று வந்த மீன் என்றால் ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள், முன்பணம் கேட்டால் கொடுத்துவிட்டுக்கூட வாருங்கள். அந்த ஒரு வாரத்தில் சாகிற மீன் அவர் கடையிலேயே சாகட்டும். பிறகு, 'தவுக்கே, காசி மாக்கான் சிகிட், மாவ் தெங்கோ', முதலாளி, கொஞ்சம் தீனி போடுங்கள், பார்க்க வேண்டும் என்று சொல்லித் தீனி போடச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்கமாட்டார். பெலட் விழுந்ததும் மீன் திரும்ப வேண்டும், பாய்ந்து போக வேண்டும், வாயில் போட்டு விழுங்க வேண்டும். வாயில் போட்டுத் துப்புகிற மீன் சாப்பிடாத மீன். தீனி தீர்ந்ததும் குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். வயிறு உள்வாங்கியிருக்கக் கூடாது, தலைக்குப் பின்னால் முதுகுப் பக்கம் பள்ளம் விழுந்திருக்கக் கூடாது. செவுள் இரண்டும் ஒரே சீராக மூடித் திறக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் படபடத்தால் விட்டுவிடுங்கள். அதே தொட்டியில் ஒரு மீனின் துடுப்பில் உப்புத் தூவினாற்போல் புள்ளி இருந்தாலும், அந்தத் தொட்டியிலிருந்து எந்த மீனையும் வாங்காதீர்கள். மற்ற மீன் நல்லாத்தானே இருக்கிறது என்பார், தண்ணீர் ஒன்றுதானே.

அந்தப் புள்ளி நோயைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒட்டுண்ணி மீன் மேல் சில நாள்தான் இருக்கும், பிறகு உதிர்ந்து மணலிலும் பாறையிலும் கூடு கட்டிப் பெருகும். புள்ளி மறைந்ததும் குணமாகிவிட்டது என்று நினைப்போம், ஒரு வாரம் பத்து நாளில் பத்து மடங்காகத் திரும்பி வரும். செம்பு மருந்து அதைக் கொல்லும், ஆனால் நத்தை, இறால், பவளம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொல்லும். பாறையும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதனால் பெரிய தொட்டியில் மருந்து ஊற்ற வழியே இல்லை. நோய் ஒரு முறை உள்ளே வந்தால் எல்லா மீனையும் வெளியே எடுத்து, தொட்டியை மீன் இல்லாமல் 76 நாள் காயப்போட வேண்டும் என்பதுதான் எங்களைப் போன்றவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதனால் புது மீனை முதலில் ஒரு தனித்தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் மீனுக்கு எதற்குத் தனித்தொட்டி, காலித் தொட்டிதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மீன் இரண்டுதான், ஆனால் உங்கள் பாறையும் மணலும் புதிது. முதல் நோய் அதில் இறங்காமல் பார்த்துக்கொள்வது இப்போதுதான் சுலபம். ஐம்பது லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டு, ஒரு மூடி. ஸ்பாஞ்சை இன்றைக்கே, பெரிய தொட்டிக்குக் கீழே இருக்கிற வடிகட்டிப் பெட்டியான சம்ப்பில் போட்டு வையுங்கள், பாக்டீரியா ஏறட்டும். நான்கு வாரம் அங்கே இருந்து, தின்று, தெளிவாக இருந்தால் பெரிய வீட்டுக்கு மாற்றுங்கள். தங்கப் பொடி தூவினாற்போல் மேலில் படர்ந்து, மீன் தண்ணீர் மேலே வந்து மூச்சு வாங்கினால் அது வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய். அதற்கு நாள் கணக்கு இல்லை, மணிக்கணக்குதான், உடனே செம்பு.

மீன் வாங்கி வருகிற நாளில் மோட்டார் சைக்கிள் ஹேண்டிலில் பையைத் தொங்கவிட்டு வராதீர்கள். பெருநிலத்தில் வாங்கினால் பாலத்தில் மாட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. மீன் கடையில் கேட்டால் ஒரு தெர்மோகோல் பெட்டி கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்து, பையைக் கட்டவிழ்க்காமல் கால் மணி நேரம் மிதக்கவிடுங்கள். பிரித்ததும் முதல் வேலை, பைத் தண்ணீரின் உப்பு பார்ப்பது. ஒட்டுண்ணியை அடக்கவும் உப்புச் செலவை மிச்சம் பிடிக்கவும் பல கடைகளில் 1.020-க்கும் கீழே வைத்திருப்பார்கள். அங்கிருந்து நேராக 1.025-க்குத் தூக்கிப் போட்டால் மீனின் உடம்பிலிருந்து தண்ணீர் வற்றிவிடும். தனித்தொட்டியையே கடை உப்பளவுக்கு முன்கூட்டித் தயார் செய்து வைத்து, பிறகு ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதுதான் என் வழக்கம். பிரித்த பையில் மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பை மூடியிருக்கும்வரை மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடு பிஎச்சைத் தாழ்த்தி, அம்மோனியாவை அடக்கி வைத்திருக்கும். திறந்ததும் அது வெளியேறி, பிஎச் ஏறி, அந்த அம்மோனியா முழுக்க நச்சாகிவிடும். உப்பும் சூடும் ஒத்துப்போனால் சட்டென்று மாற்றிவிடுங்கள், மீனை மட்டும். பைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது.

அன்று தீனி வேண்டாம். மறுநாள் நாலு பெலட், அல்லது உறைந்த மைசிஸ் ஒரு சிட்டிகை. மைசிஸ் நம் கூனி இறால் மாதிரிப் பொடியாக இருக்கும், கரைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுப் போடுங்கள். பெரிய தொட்டிக்கு மாற்றிய பிறகு முதல் ஒரு வாரம் தினமும் அம்மோனியா பாருங்கள். அடுத்த மீன் ஒரு மாதம் கழித்துத்தான், அப்போது கோபியும் இறாலும் வரட்டும். அதற்குப் பிறகு கார்டினல். சிக்ஸ்லைன் ராஸ் மாதிரி முரட்டுச் சுபாவம் எதற்காவது ஆசை இருந்தால் கடைசியில், எல்லோரும் அவரவர் பொந்தில் உட்கார்ந்த பிறகு. மூன்றடிக்கு ஐந்தாறு சின்ன மீன் போதும், பாப்பா என்ன சொன்னாலும்.

இன்னொன்று, பெரிய தொட்டியில் முதல் ராத்திரி நீங்கள் எழுந்து போய்ப் பார்ப்பீர்கள், எல்லோரும் பார்ப்போம். கோமாளி மீன் இரண்டும் மேல் மூலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாலை மட்டும் லேசாக ஆட்டிக்கொண்டு மிதக்கும். செத்துக்கொண்டிருக்கிறது என்று பயந்து வலையைத் தேடாதீர்கள், விளக்கையும் போடாதீர்கள். அது தூங்குகிறது.